தெருப் படங்களுக்கேற்ற சிறிய பிரைம் லென்ஸைத் தேர்ந்தெடுத்தல்

சிறிய உணரி கொண்ட க்ராப் சென்சார் கேமராவுக்கு, ஜூம் செய்ய இயலாத பிரைம் லென்ஸ் வாங்கும் முன், அதில் மி.மீ. கணக்கில் பொறித்துள்ள குவியத் தூரத்தைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம் நிறுவனங்களின் ஏபிஎஸ்-சி எனும் க்ராப் அளவுக் கேமராக்களில் 1.5 ஆலும், கேனானில் 1.6 ஆலும் பெருக்கினால், முறையே 23 மி.மீ., 22 மி.மீ. லென்ஸ்கள் பழைய ஃபிலிம் சட்டகத்தின் அளவிலேயே உணரி கொண்ட முழுச் சட்டகக் கேமராவில் 35 மி.மீ. தரும் பார்வைக் கோணத்தையே ஏறத்தாழத் தருகின்றன. மனிதரையும் அவர் நிற்கும் சூழலையும் சேர்த்துக் காட்டும் இந்த அளவையே புதியவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதே க்ராப் கேமராவில் 18 மி.மீ. லென்ஸ் இன்னும் நெருங்கும் துணிவைக் கேட்கும், 35 மி.மீ. லென்ஸ் சற்று ஒதுங்கி நின்று எடுப்போருக்கு ஏற்றது. ஐயமிருந்தால், கையிலுள்ள ஜூம் லென்ஸை ஒரு வாரம் ஒரே அளவில் நிறுத்திப் படமெடுத்துப் பாருங்கள்.

லென்ஸில் ஒளி புகும் துளையை எஃப் எண் குறிக்கிறது; எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 1.4 துளை கவர்ச்சியானதுதான். ஆனால் அது லென்ஸின் பருமனையும் எடையையும் கூட்டுவதால், நாள் முழுதும் நடப்பவருக்கு எஃப் 2 போதும். பகலில் மட்டும் எடுப்பவருக்கு எஃப் 2.8 கொண்ட தட்டையான பான்கேக் லென்ஸே நிறைவளிக்கும்.

பலர் கவனிக்கத் தவறுவது, எத்தனை தூரத்தில் உள்ளது தெளிவாக விழ வேண்டும் என்பதைக் கையால் திருப்பி அமைக்கும் குவிய வளையத்தை. 23 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து இரண்டரை மீட்டரில் குவித்துவிட்டால், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முதல் பத்து மீட்டர் வரை யாவும் தெளிவாகப் பதியும் என்பதால், தானியங்கிக் குவியத்துக்காகக் காத்திருந்து கணத்தைத் தவறவிட வேண்டியதில்லை. ஆகவே தூர அளவுகள் பொறித்த வளையமுள்ள லென்ஸ் கிடைத்தால், அதையே வாங்குங்கள்.