காருக்கு ஒரு கத்தி வாங்குவதற்கு முன்

சேலம் ஐந்து ரோடு பக்கம் கார் சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். 22 ஆண்டுகளாக ரெக்சினும் பஞ்சும் நாடாவும் அறுத்து அறுத்து வலது கையில் காய்ப்பு ஏறிப்போயிருக்கிறது. சீட்டைக் கழற்றும்போதெல்லாம் பெல்ட்டும் கைக்கு வரும். அதனால் எந்த அலகு எந்த நாடாவை அறுக்கும், எது வழுக்கும் என்பது எனக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். அவசரத்துக்குக் காரில் ஒரு கத்தி வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டு வந்தால், மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுவேன்.

முதலில் நான் கேட்பது, எதற்கு என்று. "ராத்திரியில் தனியாகப் போகிறேன், ஒரு பாதுகாப்புக்கு" என்று சொல்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன். ஆத்திரத்திலும் பயத்திலும் எடுத்த கத்தி யார் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சட்டமும் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர் மழைக்காலத்தில் விழுந்த கிளையை வெட்ட டிக்கியில் கொடுவாள் வைத்திருந்தால் அதற்கு நியாயம் இருக்கிறது. அதைச் சாக்கில் சுற்றிக் கட்டி டிக்கியில் வைக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் அல்ல. பட்டனை அழுத்தினால் படக்கென்று திறக்கும் கத்தி எந்த வண்டிக்கும் வேண்டாம்.

காருக்குள் இருக்க வேண்டிய கத்தியின் வேலை வேறு. மாட்டிக்கொண்ட பெல்ட்டை அறுப்பது, சக்கரத்தில் சுற்றிக்கொண்ட துணியை அறுப்பது, மேலே கட்டிய சாமானின் கயிறு இறுகிவிட்டால் அறுப்பது. மூன்றுமே நார் வேலை. குத்துகிற வேலை ஒன்றுகூட இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கத்திக் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது கடையில் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் இறங்கிவிட்ட இடத்தில், மலைப்பக்க வாய்க்காலில் ஒரு கார் வலதுபுறமாகச் சாய்ந்து படுத்திருந்தது. ஓட்டியவர் கீழே. அவர் மனைவி மேலே, பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். உடம்பின் பாரம் முழுவதும் பெல்ட்டில் இறங்கியிருந்ததால் சிவப்புப் பொத்தானை எவ்வளவு அழுத்தியும் பெல்ட்டின் நாக்கு பூட்டிலிருந்து வெளியே வரவில்லை. என் சட்டைப் பையில் ரெக்சின் அறுக்கும் கட்டர் இருந்தது, தேய்ந்தால் ஒடித்து ஒடித்துப் போடும் அலகு கொண்டது. கையை விட்டு ஓர் இழுப்பு இழுத்தேன். பெல்ட்டின் ஓரம் கொஞ்சம் பிரிந்தது. இரண்டாவது இழுப்பில் அலகு ஒடிந்து, துண்டு கீழே இருந்தவரின் தோளில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எஸ்டேட்டுக்காரர் ஒருவர் கொடுவாளோடு ஓடிவந்தார். உள்ளே அதை வீசவும் இடமில்லை, அந்த அம்மாவின் முகத்துக்கு அருகே கொண்டுபோகவும் யாருக்கும் துணிவு வரவில்லை.

சற்று மேலே கொய்யாவும் அன்னாசியும் வெட்டி விற்கும் அக்கா ஒருவர் குடையோடு இறங்கி வந்து, "தம்பி, இதில் பல் இருக்கிறது, இதை வைத்து அறுங்கள்" என்று தன் தக்காளிக் கத்தியை நீட்டினார். பிளாஸ்டிக் பிடி, விரல் நீள அலகு, ரம்பம் போல் சின்னச் சின்னப் பல். இரண்டு இளைஞர்கள் அந்த அம்மாவின் இடுப்பையும் தோளையும் தாங்கிக்கொண்டார்கள். நான் பெல்ட்டை இடது கையால் முறுக்கி விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, தோளுக்கு மேலே சாய்வாக ஏழெட்டு முறை இழுத்தேன். அறுந்தது. அவர் வளையல்கள் உடைந்து கையில் கீறியிருந்தது, வேறு காயம் இல்லை.

அடுத்த வாரமே பழைய வண்டி உடைக்கும் இடத்தில் நான்கு பெல்ட்டுகள் வாங்கிவந்து, பெஞ்சில் கட்டி, கிடைத்த கத்தியையெல்லாம் போட்டுப் பார்த்தேன். பெல்ட் பாலியஸ்டர் நெசவு, ஏறக்குறைய இரண்டு அங்குல அகலம். தொய்வாகத் தொங்கும்போது நல்ல சாணை பிடித்த வழவழப்பான அலகுகூட அதன் மேல் வழுக்கியது. விறைப்பாக இழுத்துப் பிடித்தால் அதே அலகு சீக்கிரம் இறங்கியது. பல் வைத்த அலகு இரண்டு நிலையிலும் இழையைப் பிடித்து அறுத்தது. எல்லாவற்றையும் மிஞ்சியது கொக்கி கட்டர்தான். பிளாஸ்டிக் வாய்க்குள் சின்ன அலகு சாய்வாகப் பதிந்திருக்கும். விரல் நுழையாது, பெல்ட் மட்டும் நுழையும். ஓரத்தில் மாட்டி ஓர் இழுப்பு, முடிந்தது. நடுங்குகிற கைக்கு அதைவிட ஏற்றது எதுவும் இல்லை. அதனால் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கொக்கி கட்டர் வாங்குங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இருசக்கர வண்டிச் சங்கிலியில் துப்பட்டா சுற்றி ஒரு பெண்ணின் கழுத்தை இறுக்கும்போது, முனையுள்ள கத்தியை அங்கே நீட்ட மனம் வருமா? கொக்கியைத் தயங்காமல் நுழைக்கலாம்.

கயிறு, பிளாஸ்டிக் நாடா, ரப்பர் குழாய் என்று மற்ற வேலைகளுக்கும் வேண்டும் என்றால் கூடவே ஒரு கத்தி. அலகு மூன்று அங்குலம் போதும். பிடிக்கு அருகில் பாதி பல்லும், நுனிப்பக்கம் பாதி வழவழப்பும் இருந்தால் இரண்டு வேலைக்கும் ஆகும். நுனி கூராக இல்லாமல் ஆட்டுக்கால் குளம்பு போல் மழுங்கி வளைந்ததாகத் தேடுங்கள். மீட்பு வேலைக்கென்று செய்யும் கத்திகள் பலவற்றுக்கு அந்த நுனிதான் இருக்கும்.

மடக்குக் கத்தி என்றால் பூட்டைச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். இணையத்தில் வாங்கிய ஒன்று பயன்படுத்தும்போதே மடங்கி என் சுட்டுவிரலைப் பதம் பார்த்தது, நான்கு தையல். அன்றிலிருந்து கடையிலேயே இப்படிப் பார்க்கிறேன்: அலகைத் திறந்து, விரல்கள் எதுவும் அலகின் பாதையில் இல்லாதபடி பிடியை இரு பக்கமும் பிடித்து, அலகின் முதுகை மேசை ஓரத்தில் மெல்லத் தட்டுவேன். கொஞ்சம் அசைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஈரக் கையால் ஒற்றைக் கையில் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் மடங்காத, உறையோடு வரும் கத்தியே மேல்.

எஃகைப் பற்றி ஒரு வார்த்தை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இரும்புச் சாமான் கடைகளுக்குப் போகும்போது நான் பையில் ஒரு காந்தம் வைத்திருப்பேன். உருக்காலை இருக்கும் ஊர் என்பதால் எவர்சில்வர் என்றாலே உசத்தி என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பெரும்பாலான நல்ல பாத்திரங்களுக்குப் போகும் எவர்சில்வர் பதம் ஏறாது. சூடாக்கிக் குளிர்வித்தாலும் கடினமாகாது, கூர் நிற்காது. அதில் காந்தம் ஒட்டாது. பதம் ஏறும் கத்தி எஃகில் காந்தம் ஒட்டும். ஒட்டவில்லை என்றால் வாங்காதீர்கள். ஒட்டிவிட்டது என்பதால் மட்டும் நல்லது என்றும் ஆகிவிடாது, ஒட்டுகிற சாதாரணத் தகடும் உண்டு. அப்போது பெல்ட் துண்டில் அறுத்துப் பார்ப்பதுதான் வழி. பட்டறையில் அடித்த கருப்பு இரும்புக் கத்தி அருமையாகக் கூர் பிடிக்கும், எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஏற்காட்டுப் பனியில் பத்து நாள் காரில் கிடந்தால் துரு ஏறிவிடும். தினம் துடைப்பவருக்கு அது, எடுக்காமலே கிடக்கப்போகும் காருக்குத் துருப்பிடிக்காத கத்தி எஃகு.

கண்ணாடி உடைக்கும் கூர்முனையும் சேர்ந்த கருவிகள் வருகின்றன, நல்லதுதான். ஆனால் பக்கக் கண்ணாடி டெம்பர்டு வகையாக இருந்தால்தான் அது பொடியாக உதிரும். மூலையில் அடிக்க வேண்டும், நடுவில் அல்ல. முன்கண்ணாடி லாமினேட்டட், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். விரிசல் விடுமே தவிர வழி கொடுக்காது. சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் லாமினேட்டட். எந்த வகை என்று கண்ணாடி மூலையிலேயே பொறித்திருப்பார்கள், இன்றைக்கே போய்ப் படித்துவிடுங்கள். ஹெட்ரெஸ்ட்டின் கம்பி கண்ணாடி உடைக்கவென்றே வைத்தது என்று பலரும் என்னிடம் சொல்கிறார்கள். தினமும் அதைக் கழற்றி மாட்டுகிறவன் சொல்கிறேன், அது கழுத்தைக் காக்க வைத்தது. அதன் நுனி மொட்டை. வேறு வழியே இல்லாதபோது முயலலாம், அதை நம்பி இருக்கக் கூடாது.

எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. டேஷ்போர்டு பெட்டி வேண்டாம். மோதலில் அதன் மூடி நெளிந்துவிட்டால் திறக்காது, பெல்ட் இறுகியிருந்தால் கையும் எட்டாது. கதவுப் பை வேண்டாம், வண்டி புரண்டால் அதிலுள்ளது எங்கே போகும் என்று தெரியாது. கதவு நசுங்கி ஓட்டுபவரின் வலது கை மாட்டிக்கொள்ளவும் கூடும். இடது கைக்கும், பக்கத்தில் இருப்பவரின் வலது கைக்கும் ஒருசேர எட்டும் இடம் இரு சீட்டுக்கும் நடுவே, கைபிரேக் பக்கம். ஓட்டுநர் சீட்டின் உட்பக்க ஓரத்தில் ஒரு சின்னப் பை தைத்து, மேலே ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்துக் கொடுப்பேன். வெளிப்பக்கம் தைக்க மாட்டேன். பல கார்களில் அங்கே ஏர்பேக் இருக்கிறது, சீட்டில் அதற்கான துணிக் குறியும் தைத்திருப்பார்கள். உட்பக்கத்திலும் அந்தக் குறி இருந்தால் பையை நடுப்பெட்டியோடு கட்டிவிடுவேன். பசையால் ஒட்டும் கொக்கிகள் சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியில் இளகி விழுந்துவிடுகின்றன.

அறுக்கும் முறை இது. முதலில் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பாரத்தைத் தாங்கித் தூக்கினால் பல நேரம் அதுவே விட்டுவிடும். விடாவிட்டால் தோள்பட்டை, பிறகு இடுப்புப்பட்டை. உடம்பிலிருந்து விலக்கி, விறைப்பாக இழுத்து, சாய்வாக. கத்தியின் வாய் எப்போதும் உடம்புக்கு வெளியே பார்க்கட்டும். கார் கவிழ்ந்து கிடந்தால், அறுப்பதற்கு முன் ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொள்ளுங்கள், அல்லது ஆளைத் தாங்க இன்னொருவர் வரட்டும். இல்லையென்றால் கழுத்து முதலில் கீழே விழும். புகையோ தீயோ நீரோ இல்லை, மாட்டிக்கொண்டவர் கழுத்து வலி என்று சொல்கிறார் என்றால் அறுக்க அவசரப்படாமல் 108-ஐ அழைத்துவிட்டு அருகில் இருங்கள்.

பை தைக்க வருகிறவர்களிடம் ஒரு முழ பெல்ட் துண்டைக் கொடுத்து, கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு கத்தியை எடுத்து அறுக்கச் சொல்வேன். வீட்டில் கார் ஓட்டும் எல்லோரையும் அழைத்துவாருங்கள், கட்டணம் இல்லை. ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும் நாளில் கத்தியையும் வெளியே எடுங்கள். பழைய துண்டில் ஓர் அறுப்பு அறுத்துப் பார்த்து, கொக்கியின் அலகு மழுங்கியிருந்தால் புதிது மாற்றி, மடக்குக் கத்தியின் கீலில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கேறும். வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் மறுநாள் ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் சற்று நேரம் காயவைத்த பிறகே பைக்குள் திருப்பி வையுங்கள்.