தேயிலை ஃபேக்டரிக்கு எர்கனாமிக்ஸ் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியில் ஆபீஸ், ஸ்டோர், ஆட்கள் நலன் மூன்றையும் நான்தான் பார்க்கிறேன். குறுக்கு வலி என்று லீவு கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனதால், மூன்று வருடம் முன்பு வெளியிலிருந்து ஒருவரை அழைத்தோம். மதியம் வந்தார். ஆபீஸ் மாடியில் திரை கட்டிப் படம் காட்டினார். "முட்டியை மடக்கித் தூக்குங்க, முதுகை வளைக்காதீங்க" என்றார். ஆளுக்கொரு இடுப்பு பெல்ட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டு, இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டார். பச்சை இலையைப் பரப்பி வாட வைக்கும் வாட்டுத் தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே மாதத்தில் பெல்ட்டெல்லாம் ஆணிக்குப் போயின. வலி அப்படியே இருந்தது.

அடுத்த முறை நிதானமாகத் தேடினோம். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எர்கனாமிக்ஸ், தமிழில் பணிச்சூழலியல், என்பது செய்கிற ஆளின் உடம்புக்குத் தக்கபடி வேலையை மாற்றி அமைக்கும் துறை. வேலையை விட்டுவிட்டு ஆள்தான் மாற வேண்டும் என்கிறவரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

படி 1: வலி எங்கே என்று நீங்களே குறியுங்கள்

ஆலோசகரைத் தேடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. சார்ட் பேப்பரில் ஓர் ஆளின் முன்பக்கமும் பின்பக்கமும் வரையுங்கள். டீ நேரத்தில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளைக் கொடுத்து, கடந்த ஒரு வருடத்தில் வலித்த இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். தொட்டியில் வேலை செய்பவர்களுக்குச் சிவப்பு, பாக்கிங்குக்குக் கறுப்பு என்று நிறம் பிரித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம். மேனேஜரும் மேஸ்திரியும் அந்த அறையில் இருக்கவே கூடாது.

எங்கள் படத்தில் சிவப்பெல்லாம் குறுக்கிலும் வலது தோளிலும் குவிந்தது. கறுப்பு மணிக்கட்டில். அட்டை தீர்ந்துபோனதும் ஒரு அக்கா தன் நெற்றிப் பொட்டை எடுத்துப் படத்தின் தோளில் ஒட்டினார். அந்தச் சார்ட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். விபத்துப் பதிவேட்டையும் இரண்டு வருட லீவுக் கணக்கையும் இதனோடு சேர்த்துவிட்டால், எந்த வேலையை முதலில் காட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

படி 2: ஒரு சின்னக் கணக்கு

வேலையிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் (NIOSH) நிறுவனம் 1991-ல் திருத்திய, சுமை தூக்குவதற்கான சமன்பாடு ஒன்று உண்டு. எல்லாம் சாதகமாக இருந்தால் அதன் வரம்பு 23 கிலோ. சுமை உடம்பை விட்டு விலக விலக வரம்பு இறங்கும். இரண்டு கணுக்கால்களின் நடுவிலிருந்து கை பிடிக்கும் இடம் வரை கிடைமட்டத் தூரத்தை டேப்பில் அளந்து, 25-ஐ அந்த எண்ணால் வகுங்கள். எங்கள் பச்சை இலை மூட்டை பருமனானது, தூரம் 50 சென்டிமீட்டர் வந்தது. ஆக 0.5. அதனால் பெருக்கியதும் 23 கிலோ பதினொன்றரையாகிவிட்டது. குனிந்து தரைமட்டத்தில் பிடித்தால் இன்னொரு 0.775-ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது ஏறத்தாழ 9 கிலோ. உடம்பைத் திருப்புவது, நிமிடத்துக்கு எத்தனை முறை தூக்குவது என்பதெல்லாம் சேர்ந்தால் இன்னும் இறங்கும்.

நாங்கள் தூக்கச் சொன்னது 30 கிலோ. மூன்று மடங்குக்கும் மேல். இதைப் பார்த்த பிறகு "சரியாகத் தூக்கத் தெரியவில்லை" என்று எங்கள் முதலாளி ஒருநாளும் சொல்லவில்லை.

படி 3: எங்கே தேடுவது

இந்தத் துறைக்கென்று படித்தவர்கள் மலையில் குறைவு. கோவையில் தொழில்சார் உடல்நலத்தில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட்களையும், பாதுகாப்பு ஆலோசனை நிறுவனங்களையும் விசாரிக்கலாம். சென்னை தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்திலும் வழி கேட்கலாம். ஃபயர் சேஃப்டி ஆடிட் செய்பவர் எல்லாம் எர்கனாமிக்ஸ் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார். பக்கத்து ஃபேக்டரிகள் இரண்டு மூன்று சேர்ந்து அழைத்தால், மலை ஏறி வரும் செலவும் தங்கும் செலவும் பங்காகிவிடும்.

படி 4: போனிலேயே கேட்டுவிடுங்கள்

"தோட்டத்தில் சரிவில் கொழுந்துச் சுமையோடு இறங்கும் பெண்களுக்கும் நியோஷ் கணக்கைப் போடுவீர்களா?" இதை முதலில் கேளுங்கள். அந்தச் சமன்பாடு வழுக்காத தரையில், இரண்டு கையால் தூக்கி இறக்கும் வேலைக்கானது. சுமந்து நடப்பதற்கும் ஈரச் சரிவுக்கும் அது பொருந்தாது. "ஓ, தாராளமா" என்பவரிடம் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

அடுத்தது ரூலாவா, ரீபாவா என்று கேளுங்கள். இரண்டுமே வேலை செய்யும்போது உடம்பு வளைந்து நிற்கும் விதத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் முறைகள். 1993-ல் வந்த ரூலா கழுத்து, தோள், கைக்கு முக்கியத்துவம் தருவது, உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தோதானது. 2000-ல் வந்த ரீபா குனிந்து நிமிர்ந்து முழு உடம்பும் அசையும் வேலைக்கு. எந்த வேலைக்கு எது, ஏன் என்று அவர் விளக்க வேண்டும்.

பெல்ட் பற்றியும் கேளுங்கள். காயம் இல்லாதவர்களுக்குக் காயத்தைத் தடுக்க பெல்ட்டைப் பரிந்துரைக்க முடியாது என்று நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. பொருள் விற்பவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள்.

மொழியும் முக்கியம். படுக, தமிழ், கூடலூர்ப் பக்கம் மலையாளம், வடமாநிலத்து ஆட்களுக்கு இந்தி. இடுப்புக்குக் கீழே வலிக்கிறது என்பதை ஓர் ஆண் மொழிபெயர்ப்பாளரிடம் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டார்.

படி 5: ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்க வையுங்கள்

இலை கொட்டும் பருவத்தில் அழையுங்கள். எங்களுக்கு ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. ஜனவரி உறைபனியில் வந்தால் பாதித் தொட்டி காலியாகத்தான் இருக்கும்.

இரண்டாவதாக வந்தவர் பெண். ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு, காலையிலிருந்து தொட்டி ஓரத்திலேயே நின்றார். ஆறடி அகலத் தொட்டி. ஒரு அக்கா விளிம்பில் வயிற்றை அழுத்தி, வலது கையை நீட்டி, எதிர்ப்பக்கத்து இலையைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா, அந்தப் பக்கம் போய்ப் பரப்பாம இங்கிருந்தே எட்டுறீங்க?"

"அங்கே நிக்க எடமேது? காலிச் சாக்கு அடுக்கி வெச்சிருக்காங்கல்ல."

தினமும் நான் நடக்கும் வழி அது. சாக்குகளை அடுக்கச் சொன்னதும் நான்தான். அன்று சாயங்காலமே அப்புறப்படுத்தினோம். பைசா செலவில்லை. லாரியிலிருந்து இறங்கும் மூட்டை தரைக்கு வராமல் இடுப்பு உயர மேடையில் இறங்கும்படி செய்தது அவருடைய அடுத்த யோசனை. அதற்கு மட்டும் வெல்டருக்குக் கூலி கொடுத்தோம்.

படி 6: எழுதி வாங்குங்கள்

எந்தெந்த வேலை, எத்தனை ஷிஃப்ட், முன்னும் பின்னும் எதை அளப்பார் என்பது கொட்டேஷனில் இருக்கட்டும். தீர்வுகளின் வரிசையும் இருக்கட்டும்: சுமையையே தவிர்க்க முடியுமா என்று முதலில், பிறகு மேடை, தள்ளுவண்டி, அதன் பிறகு ஆள் மாற்றி ஆள் முறை, கையுறை போன்றவை கடைசியில். வகுப்பு மட்டும் எடுப்பேன் என்றால் வேண்டாம். அறிக்கை தமிழில், படங்களோடு, நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அளவுக்குச் சுருக்கமாக இருக்க வேண்டும்.

யாருக்கு வலி என்ற விவரம் பெயரோடு நிர்வாகத்துக்கு வரக்கூடாது என்று கட்டாயம் எழுதுங்கள். வலியைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் எங்கள் பெண்களுக்கு இன்றும் உண்டு. அந்தப் பயம் இருக்கும்வரை எந்த ஆலோசகருக்கும் உண்மை கிடைக்காது.

பணத்தில் ஒரு பங்கை மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வரும் நாளுக்கு நிறுத்தி வையுங்கள்.

படி 7: மறுபடியும் பொட்டு

அந்த நாளில் புதுச் சார்ட், அதே நிறங்கள், அதே கேள்வி, ஆனால் இந்த மூன்று மாதத்துக்கு மட்டும். எங்களுக்குத் தோளில் சிவப்பு நன்றாகக் குறைந்திருந்தது, குறுக்கில் கொஞ்சம். மணிக்கட்டில் கறுப்பு குறையவே இல்லை. பாக்கிங்கில் மூட்டை தைக்கும் மெஷின் தொங்கும் உயரத்தை அளக்க, ஏப்ரலுக்கு முன்னால் அவரையே திரும்ப வரச் சொல்லியிருக்கிறோம்.