இரைப்பைப் புற்றில் வைரஸ் இருக்கிறதா? சரியாகக் கண்டறியும் வழி

இரைப்பைப் புற்றுநோய்க்குக் கிருமி காரணம் என்றால் எல்லோரும் சொல்வது ஹெலிகோபாக்டர் பைலோரி. அது பாக்டீரியா. இங்கே தேட வேண்டிய வைரஸ் எப்ஸ்டீன்-பார். 1964-ல் நிணநீர்ப் புற்றுச் செல்களில் முதலில் காணப்பட்ட இது, இரைப்பைப் புற்றுகளில் ஏறத்தாழ 9 சதவீதத்தில் இருக்கிறது.

இதற்காக ரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு இந்த வைரஸ் எப்போதோ எச்சில் வழியாகத் தொற்றி, வெள்ளணுக்களில் வாழ்நாள் முழுக்கத் தங்கியிருக்கும். பழைய தொற்றைக் காட்டும் ஐஜிஜி எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்று வந்தால் அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. விடை கட்டியின் சதையில்தான் இருக்கிறது.

எண்டோஸ்கோபியில் புண்ணின் விளிம்பிலிருந்து 6 முதல் 8 துண்டுகளாவது எடுக்க வேண்டும். நடுக்குழியில் எடுத்தால் செத்த சதைதான் வரும். எடுத்தவுடன் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில், சதையைப் போலப் பத்து மடங்கு அளவில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊறட்டும். இதில் அசட்டை செய்தால் சோதனை தேடும் ஆர்என்ஏ என்ற மரபு மூலக்கூறு சிதைந்துவிடும், பிறகு எந்த லேபும் அதை மீட்க முடியாது.

கேட்க வேண்டிய சோதனையின் பெயர் 'ஈபர் இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன்'. ஈபர் என்பது இந்த வைரஸின் ஆர்என்ஏ; அது எந்தச் செல்லில் இருக்கிறது என்பதைச் சதைச் சீவலிலேயே நிறமேற்றிக் காட்டும் சோதனை இது. புதிதாகச் சதை எடுக்க வேண்டியதில்லை. சதைத் துண்டை மெழுகில் பதித்து ஏற்கெனவே வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கிலிருந்து 4 மைக்ரான் தடிமனில் சீவினால் போதும். வைரஸ் குடியேறிய செல்லில் ஈபர் ஆர்என்ஏ பல லட்சம் பிரதிகள் இருப்பதால், நுண்ணோக்கியில் கட்டிச் செல்களின் உட்கருக்கள் ஒன்றுவிடாமல் அடர்நிறமாகத் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன நிணநீர்ச் செல்கள் மட்டும் நிறம் பிடித்திருந்தால் அது பாசிட்டிவ் அல்ல. வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை ஏமாற்றுவதும் இதனால்தான்: கட்டிக்குள் புகுந்த அந்தச் செல்களின் வைரஸையும் சேர்த்தே அது காட்டும். எல்எம்பி-1 என்ற வைரஸ் புரதத்தைத் தேடும் சாயச் சோதனையும் உதவாது. இந்தப் புற்றில் அந்தப் புரதம் பெரும்பாலும் வெளிப்படுவதே இல்லை.

ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: சதையில் ஆர்என்ஏ கெடாமல் இருக்கிறதா என்று காட்டும் கன்ட்ரோல் ஸ்லைடு நிறம் பிடித்ததா? அதுவும் வெறுமையாக இருந்தால் சோதனை தோற்றுவிட்டது என்றுதான் பொருள், வைரஸ் இல்லை என்றல்ல.

எல்லோருக்கும் இது அவசரமில்லை. இரைப்பையின் மேல்பகுதியில் கட்டி, முன்பு இரைப்பையின் ஒரு பகுதி வெட்டியெடுக்கப்பட்டிருப்பது, கட்டி முழுக்க நிணநீர்ச் செல்கள் மண்டியிருப்பது ஆகியவை சந்தேகத்தைக் கூட்டும். ஆண்களிடம் இது அதிகம்.

ஒரே கட்டியின் செல்கள் எல்லாவற்றிலும் ஒரே மூலத்திலிருந்து பெருகிய வைரஸே இருப்பதால், கட்டி வளரும் முன்பே அது செல்லுக்குள் புகுந்துவிட்டது என்று தெரிகிறது. உள்ளே போனதும் டிஎன்ஏவில் மரபணுக்களை அணைக்கும் மெத்தில் குறிகளை அள்ளி ஒட்டி, பி16 போன்ற காவல் மரபணுக்களை வாயடைக்கச் செய்கிறது.

பாசிட்டிவ் என்றால், நோய் முற்றிய நிலையில் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றின்மேல் ஏவும் சிகிச்சை) பலன் தருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தச் சிகிச்சைக்குக் கட்டி இணங்குமா என்று பார்க்கும் பிடி-எல்1, எம்எம்ஆர் சோதனைகளும் உடன் வேண்டும். அறுவை சிகிச்சையோ கீமோவோ இதற்காகத் தள்ளிப்போகக் கூடாது. வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிர் கேட்காதீர்கள்: பெருகும் வைரஸைத்தான் அது தாக்கும், கட்டிக்குள் இருப்பதோ உறங்கும் வைரஸ். ஹெலிகோபாக்டர் இருந்தால் அதற்கான சிகிச்சை தனியே நடக்கட்டும். நோயாளியின் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கிவைக்க வேண்டாம். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அந்த வைரஸ் அநேகமாக ஏற்கெனவே இருக்கிறது.