சட்டையில் மாட்டும் கேமராவா? முதலில் தேதியைப் பாருங்கள்

சிங்கப்பூரில் இரவு வேலை முடிந்து எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து அடுக்குமாடி புளோக்குக்கு நடந்து வருபவர்களும், சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் தம்பிகளும் இப்போது சட்டையில் சின்னக் கேமரா மாட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் வாங்கியதும் தேதி, நேரத்தைச் சரிசெய்யுங்கள். தப்பான தேதியோடு இருக்கும் பதிவுக்கு விளக்கம் சொல்லியே ஓய்ந்துவிடுவீர்கள். மெமரி கார்டு நிரம்பினால் பெரும்பாலான கேமராக்கள் பழையதை அழித்துப் புதியதைப் பதியும். ஏதாவது நடந்தால் அந்தப் பகுதி அழியாதபடி லாக் செய்து, அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

கோபத்தில் ஃபேஸ்புக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள் (கை துறுதுறுக்கும், தெரியும்). ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 முதல் சிங்கப்பூரில் குற்றம். பதிவைப் போலீசிடம் கொடுங்கள். ஆபத்து என்றால் 999. பேச முடியாத நிலையில் 70999 எண்ணுக்குக் குறுஞ்செய்தி.