பரிசல் துறையில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி: ஒகேனக்கல் பரிசல்காரர்களின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்வது எப்படி?

காவிரியைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒகேனக்கல் வந்துவிட்டால் அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. அந்த ஆற்றிலேயே துடுப்புப் போட்டுப் பிழைப்பவர்களிடம் போய்க் கேட்பவர்கள் குறைவு. கேட்கிறவர்களும் பெரும்பாலும் மைக்கை நீட்டி, "நிகழ்ச்சி எப்படி இருந்தது?" என்று கேட்டு, "நல்லா இருந்துச்சுங்க சார்" என்ற விடையோடு திரும்பிவிடுகிறார்கள். இதழியல் மாணவர்கள், உள்ளூர் நிருபர்கள், வட்டார வரலாற்றைத் தொகுப்பவர்கள், ஏன், நிகழ்ச்சி தயாரிப்பவர்களுமேகூட அதைவிடப் பயனுள்ள விடைகளைப் பெறுவதற்கு என்ன செய்யலாம் என்பதை, நானே சில தவறுகளைச் செய்து கற்றுக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரின் அளவு

துறைக்குப் போவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. நிகழ்ச்சியை இரண்டு முறையாவது முழுமையாகப் பார்த்து, எந்தக் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படப்பிடிப்பு எந்த மாதத்தில் நடந்தது என்பதை விசாரித்து, அந்த நாட்களில் ஒகேனக்கலுக்கு இருந்த நீர்வரத்தைத் தேடி எடுங்கள். இது கடினமான காரியம் அன்று. ஒகேனக்கலுக்குச் சற்று மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த நீரும் அந்த இடத்தில்தான் கணக்கிடப்படுகிறது. ஒகேனக்கலின் நீர்வரத்தும் மேட்டூர் அணையின் நீர்மட்டமும் நாளிதழ்களில் அடிக்கடி சேர்ந்தே வரும் செய்திகள் என்பதால், பழைய இதழ்களைப் புரட்டினால் நமக்கு வேண்டிய எண் கிடைத்துவிடும்.

அந்த எண் கையில் இல்லாமல் போனால் பரிசல்காரர்களின் பேச்சில் பாதி புரியாது. விநாடிக்குச் சில ஆயிரம் கன அடி வரும்போது ஆறு பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. அருவிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. பரிசல் பாறை இடுக்குகளில் புகுந்து, சாரல் முகத்தில் அடிக்கும் தூரம் வரை போகிறது. வரத்து பல பத்தாயிரங்களுக்கு ஏறிவிட்டால் பாறைகளும் அருவிகளும் மூழ்கி, கரையிலிருந்து கரைக்குச் செந்நீர் ஒரே பரப்பாகப் போகும்; அந்த நிலை வருவதற்கு வெகு முன்பே பரிசல் இயக்கவும் ஆற்றில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்திருக்கும். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழையின்போது வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. தொலைக்காட்சியோ, புகை எழும்ப இறங்கும் பெருவெள்ளத்தை முதலில் காட்டிவிட்டு, அடுத்த காட்சியிலேயே தொகுப்பாளர் பரிசலில் ஏறிச் சிரித்துக்கொண்டு போவதை ஒட்டிவிடுகிறது. பார்க்கிற நமக்கு இரண்டும் ஒரே நாள். பரிசல்காரருக்கு அவை வெவ்வேறு பருவத்தின் இரண்டு ஆறுகள்.

இன்னொன்று: இத்தனை கன அடி வந்தால் தடை என்று ஒரே எண்ணை எழுதிவிடாதீர்கள். மேலே கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் எவ்வளவு திறக்கிறார்கள், வரத்து ஏறுமுகமா இறங்குமுகமா என்பதையெல்லாம் பார்த்து அந்தந்த நேரத்தில் எடுக்கப்படும் முடிவு அது.

எந்த நாளில் போவது

ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி விடுமுறையும் ஆடிப்பெருக்கும் இதற்கு உதவா. அந்த நாட்களில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவருடைய முறை தவறிப்போனால், அன்றைய கூலியில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள். வார நாளின் பிற்பகல் பரவாயில்லை. தடை விதிக்கப்பட்ட நாட்களில் வேண்டிய அளவு நேரம் கிடைக்கும். கவிழ்த்து வைத்த பரிசல்களின் பக்கத்தில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் வருமானம் நின்ற நாளில், வெள்ளத்தின் மேலுள்ள எரிச்சலும் தடை போட்டவர்கள் மேலுள்ள எரிச்சலும் சேர்ந்து நிகழ்ச்சியின் தலையில் இறங்கிவிடும். எனவே தடை நாளில் கேட்ட கருத்தா, ஓட்டம் உள்ள நாளில் கேட்ட கருத்தா என்பதைக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கருத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம், தேநீர் போதும். ஒருவருடைய ஓட்டத்தை நீங்களே கெடுத்துவிட்டால் மட்டும் அதற்குரிய தொகையைக் கொடுத்துவிடுவது நியாயம்.

ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்

முதல் முறை நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நேராகச் சின்னாறு பரிசல் துறைக்கே போய்விட்டேன். வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிந்தது; தண்ணீர் இரைச்சலில் வர்ணனை ஒரு சொல்லும் காதில் விழவில்லை. அடுத்த முறை ஊட்டமலைப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையின் உள்பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டேன். ஐந்து பேர் வந்தார்கள். ஒலியோடு போட்டேன். வர்ணனையாளர் "இந்தியாவின் நயாகரா" என்றதும் ஐந்து பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கடைசி வரை அந்தத் தலையாட்டல்தான். நானும் சோர்ந்துபோய், ஒலியை நிறுத்திவிட்டு மீண்டும் முதலிலிருந்து ஓடவிட்டேன். அப்போதுதான் அவர்கள் என்னை மறந்துவிட்டுத் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். நமக்கு வேண்டியது அந்தப் பேச்சு. வர்ணனை ஓடும்போது அது நடக்காது, ஏனென்றால் யாரோ படித்தவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்ற பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது.

அவர்களில் மூத்தவர் ஈரம் காயாத கட்டைவிரலால் விசையை அழுத்திப் படத்தை நிறுத்தினார். பாறையின் அடிப்பகுதியில் வெளுப்பாக ஓடிய ஒரு பட்டையைக் காட்டி, "இது மாசித் தண்ணிங்க தம்பி. முன்னாடி காட்டுனது ஆடித் தண்ணி. ரெண்டையும் ஒட்டிட்டாங்க" என்றார். நீர் இறங்கிய பிறகுதான் அந்தப் பட்டை வெளியே தெரியுமாம். நாளிதழில் நான் குறித்து வைத்திருந்த எண்ணும் அதையே சொன்னது. சற்றுத் தள்ளி, தொகுப்பாளர் தாமே துடுப்புப் போடுவதாக வந்த காட்சியில், இளைஞர் ஒருவர் திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். பரிசலின் விளிம்பில் நான்கு விரல்கள் தெரிந்தன. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர் பரிசலைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். அவருடைய முகமோ பெயரோ நிகழ்ச்சியில் எங்குமே இல்லை. நான் மூன்று முறை பார்த்திருந்தும் அந்த விரல்களைக் கவனிக்கவில்லை.

ஒலியில்லாமல் ஒரு முறை பார்த்து முடித்த பிறகு ஒலியோடு இன்னொரு முறை காட்டலாம். இரண்டாம் முறையில் சொற்பிழைகள் வெளியே வரும். தோல் போர்த்திய பரிசல் என்று வர்ணனை சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். மூங்கில் பின்னலின் அடியில் இப்போது இருப்பது பிளாஸ்டிக் விரிப்பு, தோல் என்பது அவர்களுடைய பெரியவர்கள் காலத்துப் பேச்சு. நயாகராவைப் பற்றி ஒருவர் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன்: "அங்க பரிசல் இருக்குதுங்களா?"

என்ன கேட்க வேண்டும்

பிடித்ததா, பிடிக்கவில்லையா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இந்தப் பரிசல் எந்தத் துறையில் புறப்பட்டது, அடுத்த காட்சியில் இருக்கும் இடத்துக்கு அங்கிருந்து தண்ணீரிலேயே போக முடியுமா, இது எந்த மாதத்துத் தண்ணீர், இன்றைக்கு இதே இடத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவீர்களா என்று கேளுங்கள். இடத்தையும் தொழிலையும் பற்றிய கேள்விகளுக்கு அவர்கள் தயங்காமல் விடை சொல்வார்கள்.

வழியைப் பற்றிய கேள்வியிலிருந்தே நிறையக் கிடைக்கும். கோத்திக்கல் பாறைப் பக்கம், மணல் திட்டு, பிரதான அருவி, தொங்கு பாலம் எல்லாவற்றையும் நிகழ்ச்சிகள் ஒரே ஓட்டம் போலக் கோத்துவிடுகின்றன. உண்மையில் இடையிடையே இறங்கிப் பாறை மேல் நடக்க வேண்டிய இடங்கள் உண்டு. அப்போது பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு போவார், பின்னாலிருந்து பார்த்தால் பெரிய கூடைக்கு இரண்டு கால் முளைத்தது போல இருக்கும். அவருடைய உழைப்பின் கனமான பகுதி அதுதான், நிகழ்ச்சியில் வெட்டப்படுவதும் அதுதான். வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவர், டிவியில் காட்டிய இடத்துக்குக் கூட்டிப்போகவில்லை என்று துறையில் சண்டைக்கு நிற்கும்போது, அந்த வெட்டுக்கும் சேர்த்து விடை சொல்ல வேண்டியவர் பரிசல்காரர்தான்.

ஆபத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். பரிசல் கிறுகிறுவென்று சுற்றுவதையும் தொகுப்பாளர் அலறுவதையும் காட்டி, சுழலில் சிக்கியதாக நிகழ்ச்சிகள் பரபரப்பு ஏற்றுகின்றன. அசைவற்ற நீரில், வந்தவர்களை மகிழ்விப்பதற்காக, ஒற்றைத் துடுப்பை வைத்துப் பரிசல்காரர் தாமே சுற்றிக் காட்டும் வித்தை அது. உண்மையாகவே அவர்கள் அஞ்சும் இடங்கள் திரையில் அமைதியான குளம் போல இருக்கின்றன. அந்தக் குளத்தின் பக்கம் யாரையும் இறங்கவிட மாட்டார்கள். படத்தை நிறுத்தி, எந்த இடத்தில் இறங்கவே கூடாது என்று கேட்டால், அழகான காட்சி என்று நாம் நினைத்திருந்த இடத்தில் பல நேரம் விரல் வந்து நிற்கும். பாதுகாப்பு உடையைக் கழற்றிவிட்டு எடுத்த காட்சிகளைப் பற்றியும் கேளுங்கள். நான் கொண்டுபோன நிகழ்ச்சியில் அப்படி ஒரு காட்சி இருந்தது. அது ஒளிபரப்பான பின்பு, உடையைப் போட மறுத்தவர்களோடு எத்தனை முறை வாதாட வேண்டியிருந்தது என்பதை அவர்கள் சொன்னபோது குரலில் சிரிப்பு இல்லை.

பாராட்டையும் விடாமல் எழுதுங்கள். நிகழ்ச்சி வந்த அடுத்த வாரங்களில் கூட்டம் கூடியது என்று சொல்பவர்கள் உண்டு. தங்கள் ஆறு திரையில் அகலமாகத் தெரிந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்களும் உண்டு. அதே நிகழ்ச்சியைத் தடைக் காலத்தில் மறுஒளிபரப்புச் செய்தால், வந்தவர்கள் பரிசல் இல்லாமல் திரும்பும்போது ஏச்சு விழுவது தங்கள் மேல் என்பார்கள். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இளைஞர்கள் வாய் திறப்பதில்லை; அவர்களைத் தனியே பார்த்துப் பேசுங்கள். அவர்களே கைப்பேசியில் ஆற்றை எடுத்துப் போடுகிறவர்கள், தொகுப்பு வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் என்பதால் அவர்களுடைய குறைகூறல் இன்னும் கூர்மையாக இருக்கும். மீன் வறுத்துக் கொடுப்பவர்களும் எண்ணெய் தேய்த்துவிடுபவர்களும் வந்து பேசுவார்கள். அதையும் கேளுங்கள், ஆனால் பரிசல்காரர் சொன்னதோடு கலந்து எழுதாதீர்கள்.

எழுதும்போது

அவர்களுடைய சொற்களைத் திருத்த வேண்டாம். கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் எல்லையோர ஊர் அது. ஊரின் பெயரே கன்னடத்தில் புகையும் கல்லும் சேர்ந்தது. துறை, திட்டு, மடு என்று அவர்கள் பிரித்துச் சொல்வதை எல்லாம் நாம் "ஆற்றுப்பகுதி" என்று எழுதிவிட்டால் அவர்கள் சொன்ன திருத்தத்தின் பயனே போய்விடும். புரியாத சொல் வந்தால் அங்கேயே பொருள் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு குறிப்பிலும் நிகழ்ச்சியின் நிமிடம், அங்கே காட்டப்படுவது, பரிசல்காரர் சொன்னது, அந்த மாதத்து நீர்வரத்து ஆகியவை அடுத்தடுத்து இருக்கட்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். சமரசம் செய்து நடுவில் ஒன்றை எழுதும் உரிமை நமக்கு இல்லை. பெயரைப் போட வேண்டாம் என்பது என் கட்சி. உரிமம் வைத்துத் தொழில் செய்பவர்கள் அவர்கள். தடையைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரி அச்சில் வந்தால் வம்பு அவர்களுக்குத்தான்.

தயாரிப்பாளருக்கு அனுப்புவதானால் ஒரே பக்கமாகச் சுருக்கி அனுப்புங்கள். நீண்ட குற்றப்பட்டியலைப் படிக்க அவர்களுக்குப் பொறுமை இராது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு ஆற்றுக் காட்சியின் மூலையிலும் எடுத்த மாதத்தையும் அன்றைய நீர்வரத்தையும் சிறிய எழுத்தில் போடும்படி கேளுங்கள். துறையில் நடக்கும் சண்டைகளில் பாதி அந்த ஒரு வரியில் அடங்கிவிடும் என்று அந்த ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே இடமும் அதுதான்.

அனுப்புவதற்கு முன்பு, எழுதியதை அவர்களிடமே கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் படித்தபோது மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அசைவற்ற நீரில் பரிசல் சுற்றியது என்ற வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். "அதுவா சுத்தலைங்க. நான் சுத்துனேன்னு எழுதுங்க" என்றார். அங்கேயே பேனாவை எடுத்துத் திருத்தினேன்.