சீரியல் வீட்டில் தண்ணீர்க் குடத்தை எங்கே வைப்பது?

டிவி சீரியலுக்காக நான் வேலை செய்த முதல் வீட்டு செட் ஒளிபரப்பான இரவு, தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலிருந்து அம்மா போன் செய்தார். காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக் காவலாளியின் வீடு அது. மண் நிறச் சுவர், ஓட்டுக்கூரை, மூலையில் ஏர்க்கலப்பை, ஆணியில் முறம் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தோம். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அந்த வீட்டில் குடிக்கிற தண்ணீரை எங்கே வைத்திருக்கிறார்கள்? நாங்கள் எங்குமே வைத்திருக்கவில்லை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத காவலாளிக்கு ஏர் எதற்கு என்பதும் அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து நான் படம் வரைந்து வேலையைத் தொடங்குவதில்லை. அந்த வீட்டில் இருப்பவரின் ஒரு நாளை எழுதித்தான் தொடங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். யார் முதலில் எழுந்திருக்கிறார், எந்தக் கதவைத் திறக்கிறார், செருப்பை எங்கே விடுகிறார், பணத்தை எதற்குள் செருகி வைக்கிறார். ஒரு பக்கம் போதும். அதில் கை படுகிற பொருள்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். செட்டுக்கு வேண்டிய பொருள்களின் பட்டியல் அதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பாலக்கோடு அருகே ஐம்பது வயதுப் பெண்மணி, கணவர் இல்லை. புளி கொட்டை எடுக்கும் கூலிவேலை. மகன் ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். இந்த வீட்டுக்கு ஒரே நிறத்தில் சுவர் அடித்தால் கதை அங்கேயே செத்துவிடும். பின்கட்டு பழைய ஓட்டு வீடு; முன்னறை மகன் சம்பளத்தில் தளம் போட்டது. முன்னறையில் பளபளக்கும் டைல்ஸ், பீரோ. பின்கட்டில் புகை ஏறிய உத்தரம். அம்மா படுப்பது பின்கட்டில்தான் என்று வைத்துப் பாருங்கள். மகன் மருமகளோடு வந்து நிற்கும் காட்சியில் வசனமே வேண்டாம், இரண்டு அறைகளும் பேசிவிடும்.

எங்கள் பக்கத்துச் சமையலறைக்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு. ராகிக் களி கிளறும்போது சட்டியை அடுப்பிலிருந்து தரைக்கு இறக்கி, அழுத்திப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிளறுவார்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறக்கியதால் அடுப்புக்குப் பக்கத்தில் கரிவட்டம் விழுந்திருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக, சற்றே விலகி விலகி, நான்கைந்து வட்டங்கள். அதைத் தூரிகையால் வரையாதீர்கள். கரி பிடித்த சட்டியையே ஈரத்தரையில் வைத்து ஒரு திருப்புத் திருப்பி எடுங்கள்; காய்ந்ததும் துணியால் பாதி துடைத்துவிடுங்கள். துடைத்தும் போகாத கறைதான் நமக்கு வேண்டும்.

இனி தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; குடிக்க உகந்ததல்ல. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குப் பிந்தைய கதை என்றால் வீட்டில் இருவகைப் பாத்திரங்கள் இருக்கட்டும்: குடிநீருக்கு மூடி போட்ட துலக்கிய குடம், போர் தண்ணீருக்கு உப்பு படிந்து வெளுத்த பிளாஸ்டிக் குடம். சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி உலரவிட்டால் அந்த வெளுப்பு வந்துவிடும்.

ஆண்டுக் கணக்கில் கவனம் தவறினால் உள்ளூர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அரசு இலவசக் கலர் டிவி 2006-க்குப் பிறகுதான் வந்தது. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி 2011-க்குப் பிறகு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். அதற்குச் சற்று முந்தைய கதையில் சுவரில் தொங்கும் கடை நாட்காட்டியின் முகவரியில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்றுதான் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு பொருளுக்கு அதிகச் சிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த மனிதர் உட்காருகிற இடம். அமெரிக்காவில் 1971-ல் தொடங்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’ தொடரில் குடும்பத் தலைவர் ஆர்ச்சி பங்கர் உட்காரும் நாற்காலி, பழைய பொருள் கடையில் வாங்கியது. 1978-ல் அது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. தொடரில் வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் ஆர்ச்சி எழுப்பிவிடுவார். அந்த வீட்டில் யார் அதிகாரம் என்பதை ஒரு நாற்காலி சொல்லியது.

நம் புளிக்காரப் பெண்மணிக்கு நாற்காலி இல்லை, சுவர்தான். புளி தட்டும் கல்லுக்கு முன்னால் தினமும் சாய்ந்து உட்காருவார். தலை படும் இடத்தில் சுவரில் எண்ணெய்க்கறை இருக்க வேண்டும். நடிப்பவரை அங்கே உட்காரவைத்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். தோராயமாக இரண்டரை அடி வரும். தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டு உள்ளங்கை அகலத்துக்குத் தேயுங்கள். மேலே கொஞ்சம் அடுப்புக்கரித் தூளை ஊதிவிட்டு, மறுபடி பஞ்சால் ஒற்றுங்கள். நடுவில் கருமை, ஓரத்தில் மங்கல். இந்தக் கறையைச் சுத்தம் செய்யச் சொல்லி யாராவது வருவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிளைவுட் சுவர், கழற்றி மாட்டும் நான்காவது சுவர், விளக்குக்கு விடும் இடைவெளி எல்லாம் தச்சரும் ஒளிப்பதிவாளரும் பார்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் போதும்: சீரியலில் கேமரா பெரும்பாலும் முகத்தில்தான் நிற்கும். ஆகவே நிற்பவர், உட்கார்ந்தவர் இருவரின் முகத்துக்கும் பின்னால் வரும் சுவர்ப்பகுதிக்குப் பணத்தை ஒதுக்குங்கள். கூரைக்குச் செலவழிப்பது வீண்.

படப்பிடிப்புக்கு முந்தைய மாலை, எல்லோரும் போன பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு அந்தப் பெண்மணி படுக்கும் பாயில் படுங்கள். நடுராத்திரியில் தாகம் எடுத்து எழுந்தவர்போல எழுந்து நடங்கள். தடவித் தேடாமல் கை நேராகக் குடத்து மூடிக்கும், அதன் மேல் கவிழ்த்த டம்ளருக்கும் போக வேண்டும். போகவில்லையென்றால் விளக்கைப் போட்டுக் குடத்தை நகர்த்தி வையுங்கள்.