கேபினட் விசிறி இரைந்தால் எங்கே தேடுவது?

இளம்பிள்ளையில் சேலை வடிவமைக்கும் ஒரு சிறு கடையில், ஒரே ஆண்டில் இரண்டு முறை விசிறியை மாற்றிய பிறகும் கணினியின் கரகரப்பு நிற்கவில்லை என்று என்னை அழைத்திருந்தார்கள். பகலில் சுற்றிலும் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால், சத்தம் இருப்பது தெரிந்ததே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்பதை எவராலும் காதால் பிரித்தறிய முடியவில்லை. கைக்கு எளிதில் எட்டுவது பின்புற விசிறி என்பதால் இரண்டு முறையும் அதையே மாற்றியிருக்கிறார்கள். தறிகள் நின்ற பிறகு பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, முன்புற விசிறியின் நடுக்குமிழுக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய பாலியஸ்டர் நூல் பல சுற்றுகளாக இறுகியிருந்தது. ஒரு சிறு கத்தரிக்கோலும் பத்து நிமிடமும் போதுமானவையாக இருந்தன. எந்த விசிறி, எந்த வேகத்தில், எதனால் சத்தமிடுகிறது என்ற மூன்றுக்கும் விடை தெரியும்வரை எதையும் விலை கொடுத்து வாங்கக் கூடாது என்பதை அன்றிலிருந்து நான் விடாப்பிடியாகச் சொல்லி வருகிறேன்.

முதலில் சத்தம் கேபினட்டின், அதாவது கணினிப் பெட்டியின், விசிறியிலிருந்துதான் வருகிறதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். மேசைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ், மின்சாரம் நின்று பேட்டரியில் ஓடும்போது உறுமும். பலவற்றில் தனியாக ஒரு சிறு விசிறியும் உண்டு. வட்டு சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க், தன் அதிர்வைத் தகரத்துக்குக் கடத்தி, விசிறியின் முனகலைப் போலவே ஒலிக்கும். விளையாட்டு அல்லது வடிவமைப்பு மென்பொருள் ஓடும்போது மட்டும் எழும் மெல்லிய கீச்சொலி பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டின் மின்சுருள்களிலிருந்து வருவது. விசிறியை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது. சேலத்தில் பலரும் 'வோல்டேஜ் குறைவதால் விசிறி இரைகிறது' என்று நினைத்து ஸ்டெபிலைசர் வாங்கிவிடுகிறார்கள். கேபினட் விசிறிக்குப் போவது வீட்டு மின்சாரம் அல்ல, கணினிக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் சீராக்கித் தரும் 12 வோல்ட் நேர்மின்சாரம். ஆகவே சாதாரண மின்னழுத்த ஏற்றத்தாழ்வு விசிறியின் ஒலியில் தெரிவதில்லை.

அடுத்ததாகக் கேட்க வேண்டிய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தறி ஓடும் தெருவானால் ஷிஃப்ட் முடிந்த பிறகும், கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டையானால் இரவிலும் கேட்பது நல்லது. அறையின் மின்விசிறியை நிறுத்துங்கள். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மின்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னூட்டத்தை வடியவிட்ட பிறகே பக்கப் பலகையைக் கழற்ற வேண்டும். பிறகு மீண்டும் இயக்கி, ஒரு நாள்காட்டித் தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு விசிறிக்குச் சற்றுத் தள்ளியும் வைத்துக் கேளுங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் மெக்கானிக்குகளின் வழக்கத்தை இங்கே பின்பற்ற வேண்டாம்; மின்சாரம் ஓடும் மதர்போர்டின் மேல் இரும்புமுனை நழுவினால் இழப்பு பெரிதாகிவிடும்.

குழலில் தெளிவு கிடைக்காவிட்டால், கணினியை அணைத்துவிட்டு ஒரே ஒரு கேபினட் விசிறியின் கனெக்டரைக் கழற்றி, மறுபடி இயக்கிச் சில நிமிடங்கள் மட்டும் கேளுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அதுவே. நிற்காவிட்டால் அதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பிராசசரின் மேல் இருக்கும் விசிறியை மட்டும் எக்காரணத்தாலும் இப்படிக் கழற்றக் கூடாது. ஓடும் இறக்கையை விரலால் நிறுத்திப் பார்ப்பதும் வேண்டாம்.

சத்தத்தின் தன்மை

விசிறி எழுப்பும் ஒலிகளில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க, வேகத்தை மாற்றிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் உள்ள விசிறிக் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஒலி எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

'டக் டக்' என்று சீராக ஒலித்து, வேகம் கூடினால் அதே விகிதத்தில் விரைவுபடுமானால், ஏதோ ஒன்று இறக்கையில் தட்டுகிறது. பெரும்பாலும் அது ஒரு கம்பி. சேலத்தில் பொருத்திய கணினியை ஏற்காட்டுக்கு எடுத்துப்போய் மாட்டுபவர்களிடம் இந்தப் புகார் அடிக்கடி வரும். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிப் போவதற்குள், சரியாகக் கட்டாத கேபிள் நழுவி விசிறியின் ஓரத்தில் வந்து நின்றுவிடுகிறது. கேபிள் டையால் இழுத்துக் கட்டினால் முடிந்தது. மலைவீடுகளில் மாதக்கணக்காக மூடிக் கிடந்த கணினியாக இருந்தால், குளவி கட்டிய மண்கூடு விசிறிச் சட்டத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

'கரகர' என்று உலோகம் உராய்வதுபோல வந்தால் பேரிங் வறண்டிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. கணினியை அணைத்து, இறக்கையை விரலால் மெல்லச் சுற்றிவிட்டுப் பாருங்கள். நல்ல விசிறி தயக்கமின்றிச் சுழன்று மெதுவாக நிற்கும், கெட்டது உரசிச் சட்டென்று நிற்கும். நடுக்குமிழைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிகிறது என்றால் தேய்மானம் நிச்சயம்.

'வூம்… வூம்…' என்று ஏறி இறங்கும் ஒலியைப் பலர் பேரிங் கோளாறு என்று தவறாகக் கணிக்கிறார்கள். அருகருகே இருக்கும் இரண்டு விசிறிகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஆனால் சிறு வேறுபாட்டுடன் ஓடும்போது இது எழுகிறது. ஏழு இறக்கை கொண்ட விசிறி நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றினால், விநாடிக்கு 140 முறை இறக்கை கடக்கும் ஒலி எழும். பக்கத்து விசிறி 1210 சுற்றில் ஓடினால் அது 141-ஐச் சற்றுத் தாண்டும். இரண்டும் கலக்கும்போது விநாடிக்கு ஒரு முறைக்குச் சற்று அதிகமாக ஒலி பெருத்துச் சிறுக்கும். ஒரு விசிறியின் வேகத்தை நூறு, இருநூறு சுற்று தள்ளி வைத்தால் அந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தகரம் அதிர்ந்து, அதற்கு மேலும் கீழும் அமைதியாக இருந்தால், கோளாறு விசிறியில் இல்லை, கேபினட்டின் அதிர்வில் இருக்கிறது. பக்கப் பலகையை உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் அடங்கினால் ஐயமில்லை. ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை எதிரெதிராக, அளவாக இறுக்குங்கள். விசிறிக்கும் தகரத்துக்கும் இடையே ரப்பர் வாஷர் வேண்டும். பழைய சைக்கிள் டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டித் துளையிட்டு வைத்தாலும் அது நன்றாகவே உழைக்கிறது. டைல்ஸ் தரையில் நேரடியாக நிற்கும் கேபினட்டின் கால்களுக்கு அடியில் அதே டியூப் துண்டை இரண்டாக மடித்து வையுங்கள்.

வெறும் காற்றின் இரைச்சல் அதிகமாக இருந்தால், காற்று நுழையும் பக்கத்தில் அடைப்பு இருக்கிறது. சுவரை ஒட்டி வைத்த கேபினட்டைப் பத்து சென்டிமீட்டராவது முன்னால் இழுத்து, முன்புற வலையைக் கழற்றிப் பாருங்கள்.

சேலத்துத் தூசி ஒரே வகையானது அன்று. தறிக்கூடத்துப் பஞ்சுத்தூசி வலையின் மேல் போர்வைபோலப் படிவதால், அதை இரண்டு விரலால் உரித்தெடுக்கலாம். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை அலுவலகங்களில் படியும் மாவு அப்படியல்ல. ஈரம் பட்டால் பசையாகி இறக்கைகளில் திட்டுத்திட்டாக ஒட்டும். எல்லா இறக்கைகளிலும் சமமாகப் படியாததால் விசிறியின் எடை ஒருபக்கம் சாய்ந்து நடுக்கம் பிறக்கிறது. கருப்பூர்ப் பக்கத்தில் மேக்னசைட் சுரங்கங்களை ஒட்டிய வீடுகளில் நுண்ணிய வெண்பொடி வலையையும் தாண்டி உள்ளே போய்விடுகிறது. பஞ்சுக்கு உலர்ந்த தூரிகை போதும். மாவுக்கு விசிறியைக் கழற்றி, ஈரத்துணியைப் பிழிந்து ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்து, முழுவதும் உலரவிட்டே மாட்ட வேண்டும். ப்ளோயர் பயன்படுத்தும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தன் வரம்பைத் தாண்டிச் சுழன்றால் பேரிங் கெடும். மோட்டார் மின்னாக்கியைப்போல் இயங்கி மதர்போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பியனுப்பவும் கூடும். பஞ்சர் கடைக் கம்ப்ரெசரில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வருவதால் அதைத் தவிருங்கள்.

எண்ணெய் விடுவதைப் பற்றி

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், இதில்தான் அதிகமாகத் தவறும் நடக்கிறது. விலை குறைந்த விசிறிகளில் இருப்பது புஷ் பேரிங். தண்டு ஒரு குழலுக்குள் எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழல்கிறது. எண்ணெய் வற்றினால் கரகரக்கும், எண்ணெய் விட்டால் சில மாதம் அடங்கும். பால் பேரிங் விசிறியில் குண்டுகள் தேய்ந்து வரும் சத்தத்தை எண்ணெய் சரிசெய்யாது. புஷ் வகையானால் பின்புறத்து லேபிளை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். கீழே ரப்பர் மூடி இருந்தால் அதை எடுத்து, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு, இறக்கையைக் கையால் பலமுறை சுற்றி, வழிந்ததைத் துடைத்து மூடியைப் பொருத்துங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் லேபிள் ஒட்டாது. ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். மூடியே இல்லாமல் அடைத்துச் செய்யப்பட்ட விசிறியில் துளையிட்டுப் பார்க்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. அது சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். ஏற்காட்டின் காலை நேரங்களில் அது பேரிங்குக்குள் வெண்ணெயாகக் கட்டி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். சேலத்து வெயிலில் உறையாவிட்டாலும் நாளடைவில் பிசினாகிவிடும். துருவை இளக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். இருக்கும் கொஞ்ச உயவையும் கரைத்துவிட்டு ஆவியாகிவிடுகிறது. எண்ணெய் விடுவது புதிய விசிறி வரும்வரை நாட்களைத் தள்ளிப்போடுவதற்குத்தான். ஒருமுறை உலோகம் உராய்ந்த புஷ் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

ஏற்காட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். குளிர்ந்த காலையில் இயக்கியதும் முனகி, ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கிவிடும் சத்தம், பேரிங் எண்ணெய் குளிரில் தடித்திருப்பதன் அறிகுறி. அதற்காக விசிறியை மாற்ற வேண்டாம், ஆனால் அடங்கும் நேரம் மாதத்துக்கு மாதம் நீளுகிறதா என்று கவனியுங்கள். மூடுபனி வீட்டுக்குள் வரும் நாட்களில் கேபினட்டை வெளிச்சுவரை ஒட்டி வைப்பது தண்டில் துருவை வரவழைக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே வேகத்தில் விசிறி கடத்தும் வெப்பமும் குறைகிறது. மலையின் குளிர் பெரும்பாலும் இதை ஈடுகட்டிவிடுவதால், வேகத்தைக் கூட்டி வைக்கத் தேவையில்லை.

விசிறி எப்போதும் முழு வேகத்தில் இரைந்தால், பயாஸில் ஓர் அமைப்பு தவறியிருக்கலாம். கனெக்டரில் மூன்று முள் கொண்ட விசிறியின் வேகம் மின்னழுத்தத்தைக் குறைப்பதால் குறைகிறது. நான்கு முள் விசிறிக்கு 12 வோல்ட் மாறாமல் போக, நான்காவது முள்ளின் துடிப்புச் சைகையே வேகத்தைச் சொல்கிறது. மூன்று முள் விசிறியை மாட்டிவிட்டு, பயாஸில் பிடபிள்யூஎம் எனப்படும் துடிப்புச் சைகை முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது எப்போதும் உச்சத்திலேயே ஓடும். மின்னழுத்தத்தால் வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றிய அடுத்த நொடி அறை அமைதியாகும். விசிறி அடிக்கடி ஏறி இறங்கி எரிச்சலூட்டினால், வெப்பம் மாறியதும் உடனே வேகம் மாறாமல் சில விநாடி தாமதமாகும்படி அதே பக்கத்தில் அமைக்கலாம். வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி சுமார் 15 டெசிபல் குறையும் என்பது விசிறிகளின் பொதுவிதி. ஆகவே, நாற்பது டிகிரியைத் தொடும் சேலத்துக் கோடையில் ஒரு விசிறியை உச்சத்தில் ஓட்டுவதைவிட, இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டுவது மேலானது.

சத்தம் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ளிருந்து வந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். விசிறியின் விலைக்காக எவரும் அந்த ஆபத்தில் கைவைக்கக் கூடாது. பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள் அல்லது முழுப் பெட்டியையும் மாற்றிவிடுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று உறுதியானால், கடைக்குப் போகும் முன் ஸ்க்ரூத் துளைகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்: 105 மி.மீ. என்றால் 120 மி.மீ. விசிறி, 124.5 என்றால் 140, 82.5 என்றால் 92, 71.5 என்றால் 80. முள்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். படுக்கைவாட்டில், அதாவது கேபினட்டின் மேல்தளத்தில் பொருத்தப்போகும் விசிறிக்குப் புஷ் வகை வேண்டாம். அந்த நிலையில் அது விரைவில் தேயும். பொருத்தும்போது சட்டத்தில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். அம்பு இல்லாவிட்டால், குறுக்குக் கால்கள் உள்ள பக்கமாகவே காற்று வெளியேறும். பக்கப் பலகையை மூடி, ஸ்க்ரூக்களை இறுக்கி, தறிகள் நின்ற பிறகு மீண்டும் ஒருமுறை அதே தாள்குழலோடு உட்கார்ந்து கேளுங்கள்; பலகை திறந்திருந்தபோது இல்லாத அதிர்வு, மூடிய பிறகு சில சமயம் புதிதாகத் தலைகாட்டும்.